வெனிஸில் விருது, வெம்பக்கோட்டையில் வெப்பம்: பட்டாசு அறைகள் யாருக்காகக் கட்டப்படுகின்றன?

இத்தாலியின் வெனிஸ் நகரில் 2025 மே 10 முதல் நவம்பர் 23 வரை 19-வது சர்வதேசக் கட்டடக்கலைக் கண்காட்சி நடைபெற்றது. அதன் ஆர்செனாலே அரங்கிற்குள் நுழைந்தவர்களை முதலில் வரவேற்றது ஓர் இருட்டறை. அடுத்த அரங்குகளைக் குளிர்விக்கும் ஏசி இயந்திரங்களின் வெளிப்புறப் பெட்டிகள் அங்கே தலைக்கு மேல் தொங்கின. அவை கக்கிய அனல் முழுவதும் அந்த அறைக்குள்ளேயே விடப்பட்டிருந்தது. கீழே கருமையான நீர்ப்பரப்பு. பார்வையாளர்கள் வியர்த்துக்கொண்டே அதைக் கடந்துதான் குளிர்ந்த அரங்கிற்குச் செல்ல வேண்டியிருந்தது.

ஒருவர் குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தால் அந்த வெப்பத்தை வேறு யாரோ எங்கோ சுமக்கிறார்கள் என்பதை அந்த அறை சொற்கள் இல்லாமல் சொன்னது. பருவநிலை மாறி, பிழைப்பும் நிலையற்றுப்போன உலகில் மனிதன் எப்படிக் கட்டடம் கட்ட வேண்டும் என்பதே கார்லோ ராட்டி வடிவமைத்த அந்தக் கண்காட்சியின் மையக் கேள்வி.

இந்தக் கேள்விக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். கோடைக்காலத்தில் ஒரு முறை சாத்தூரிலிருந்து சிவகாசிக்கோ, வெம்பக்கோட்டைக்கோ பேருந்தில் சென்று பாருங்கள். கரிசல் காட்டுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி, சின்னச்சின்ன ஒற்றை அறைகள் வெயிலில் நிற்கும். வெனிஸின் இருட்டறைக்குள் பார்வையாளர்கள் சில நிமிடங்கள் நின்றார்கள். நம் ஊர்ப் பெண்கள் இந்த அறைகளுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் வெடிமருந்தோடு.

விருது பெற்ற நிழல்

அந்தக் கண்காட்சியில் சிறந்த நாட்டு அரங்குக்கான தங்கச் சிங்கம் விருதை வென்றது பஹ்ரைன். அரங்கின் பெயர் 'வெப்ப அலை'. வடிவமைத்தவர் ஆண்ட்ரியா ஃபராகுனா. நட்சத்திர விடுதியோ வானளாவிய கோபுரமோ அல்ல அது. வெட்டவெளியில் வேலை செய்யும் கட்டுமானத் தொழிலாளிகளுக்கு நிழலும் குளிர்ச்சியும் தரும் ஒரு கூடம். ஒரு தளம், நடுவில் ஒரு தூண், அதைப் பற்றி நிற்கும் ஒரு மேற்கூரை. அவ்வளவுதான்.

அதன் பின்னால் இருக்கும் தத்துவம் எளிமையானது. தரைக்குக் கீழே ஆழத்தில் மண் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். அங்கே இறக்கப்படும் குழாய் வழியாகக் காற்று வந்தால் அதுவும் குளிரும். மேலே ஒரு சூரியப் புகைபோக்கி. வெயில் பட்டு அதற்குள் இருக்கும் காற்று சூடாகி மேலேறும்போது, கீழிருந்து குளிர்ந்த காற்றை அது இழுக்கும். அரபு வளைகுடாவின் பழைய வீடுகளில் இருந்த காற்றுக் கோபுரங்கள் செய்த வேலையின் தொடர்ச்சி இது. வெனிஸில் பழைமையான கட்டடத்துக்குள் நிலத்தைத் தோண்ட முடியாது என்பதால், அங்கே இயந்திரக் காற்றோட்டத்தை வைத்துத்தான் இதைச் செய்து காட்டினார்கள்.

விருதைப் பாராட்டும்போதே ஒன்றையும் மறக்கக் கூடாது. வளைகுடாவின் கட்டுமானத் தளங்களில் வெயிலில் சுருண்டு விழுந்தவர்களில் நம் மக்களும் உண்டு. இராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் வளைகுடா சென்று திரும்பியவர் இல்லாத மஹல்லா அரிது. கண்காட்சியில் நிழல் வென்றுவிட்டதாலேயே களத்தில் நிழல் வந்துவிடாது. ஆனாலும் அங்கே சட்டத்தில் ஓர் அசைவு இருக்கிறது. உதாரணமாக கத்தார், 2021 முதல் ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணிக்கும் பிற்பகல் 3.30 மணிக்கும் இடையே வெட்டவெளி வேலையைத் தடை செய்திருக்கிறது. நம் நாட்டில் இது பெரும்பாலும் கோடை வந்ததும் வெளியாகும் ஆலோசனை அறிக்கையாகவே நின்றுவிடுகிறது.

வறட்சி தந்த தொழில்

சிவகாசிக்கு இந்தத் தொழில் வந்ததே தட்பவெப்பத்தால்தான். வானம் பார்த்த பூமி. மழை குறைவு. விவசாயம் கைவிட்ட குடும்பங்கள் ஏராளம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். 1940-களில் பட்டாசும் வேரூன்றியது. அச்சுத் தொழில் கூடவே வளர்ந்தது. ஈரமில்லாத காற்று, மருந்து காய்வதற்கு ஏற்ற வெயில், வேறு வேலை இல்லாத கைகள் ஆகிய மூன்றும் சேர்ந்து இந்த ஊரை உருவாக்கின. மற்ற ஊர்களுக்குச் சாபமாக இருந்த வறட்சி இங்கே முதலீடாக மாறியது.

இன்று அந்த முதலீடே எதிரியாகி வருகிறது. காய வைக்க உதவிய அதே வெயில் இப்போது எல்லை தாண்டுகிறது. மழையோ வரும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது நினைவிருக்கும். ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை ஒரு நாளில் பெய்யும் காலத்தில் நாம் வாழ்கிறோம்.

பட்டாசு ரசாயனங்களுக்கு இந்த இரண்டு முனைகளும் ஆபத்து. காற்று மிக வறண்டால் உடலிலும் உடையிலும் நிலைமின்சாரம் சேர்கிறது. ஒரு சிறு பொறி போதும். ஈரம் அதிகமானாலோ அலுமினியத் தூள் கலந்த மருந்து நீரோடு வினைபுரிந்து தானாகவே சூடேறும். மழையில் நனைந்த மருந்தும், மிச்சமாகி இரவு முழுக்கக் கிடந்த கலவையும் மறுநாள் உயிரைக் குடிப்பதன் அறிவியல் இதுதான். ஒரு சீரான தட்பவெப்பத்தை நம்பி எழுந்த தொழில், அந்தச் சீர் குலைந்த பிறகும் பழைய அறைகளிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

வெடிப்புக்காகக் கட்டிய அறை

பட்டாசு ஆலையின் கட்டட அமைப்பை 'கட்டடக்கலை' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இந்தியாவில் இவ்வளவு கறாரான விதிகளோடு கட்டப்படும் எளிய கட்டடம் வேறு இருக்குமா என்பது சந்தேகமே. வெடிபொருள் விதிகள் அறைக்கும் அறைக்கும் இடையே எவ்வளவு தூரம், ஓர் அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை பேர், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வரையறுக்கின்றன. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். மாவட்ட வருவாய் அலுவலர் உரிமம், சென்னை உரிமம், நாக்பூர் உரிமம் என்று ஆலையின் அளவுக்கு ஏற்றபடி அனுமதியும் மாறும்.

இந்த விதிகளின் நோக்கம் சரியானது. ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை தப்ப வேண்டும். நால்வருக்கு மேல் பலியாகக் கூடாது. ஆனால் இந்த வடிவமைப்பு ஒரேயொரு ஆபத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறது. வெடிப்பு நிகழும் அந்த ஒரு நொடியை அது யோசித்திருக்கிறது. அதற்கு முன் அந்த நால்வர் எட்டு மணி நேரம் அந்த அறைக்குள் எப்படி இருப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை.

ஒற்றை அறை, நான்கு பக்கமும் வெயில், மேலே கான்கிரீட் அல்லது தகடு. நிழல் தர ஒட்டி நிற்கும் கட்டடமும் இல்லை, பாதுகாப்பு இடைவெளி அதை அனுமதிக்காது. மருந்து கையாளும் இடத்தில் மின்விசிறி சுழல முடியாது, சுவிட்சின் பொறியே எமனாகிவிடும். விருதுநகர் மாவட்டத்தில் கோடையில் 38, 39 டிகிரி சாதாரணம். அந்த அறைக்குள் அது எவ்வளவாக இருக்கும்? இந்த மாவட்டத்தில் ஒவ்வோர் அறையிலும் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளக்கும் அதிகாரி உண்டு. எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று அளப்பவர் யார்?

மரத்தடி சொல்லும் உண்மை

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் செய்தித்தாள்களில் ஒரே பட்டியலைப் படிக்கிறோம். மருந்துக் கலவையின்போது உராய்வு, அனுமதித்த அளவைவிடக் கூடுதல் மருந்து, கூடுதல் ஆட்கள், உள்குத்தகை, அறைக்கு வெளியே மரத்தடியில் உற்பத்தி. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் 38 பேர். காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்தவர்களும் அங்கே பலியானார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2024 பிப்ரவரி 17 ராமுதேவன்பட்டியில் 10 பேர். அதே ஆண்டு மே 9 செங்கமலப்பட்டியில் குறைந்தது 8 பேர். 2025 ஜூலை 1 சின்னகாமன்பட்டியில் மீண்டும் குறைந்தது 8 பேர். பெயர்கள் மாறுகின்றன, பட்டியல் மாறுவதில்லை.

இந்த விபத்துகளுக்கெல்லாம் வெப்பமே காரணம் என்று சொல்ல வரவில்லை. உராய்வும் பேராசையும் முதன்மைக் காரணங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள 'மரத்தடி' என்ற சொல்லின் மீது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்வது விதிமீறல். அது ஏன் நடக்கிறது? தீபாவளி நெருங்கும்போது அறைகள் போதாமல் ஆட்களை வெளியே உட்கார வைக்கிறார்கள் என்பது பாதி உண்மை. மீதி உண்மை, மரத்தடியில் நிழல் இருக்கிறது. காற்று இருக்கிறது. அடுப்பாகக் கொதிக்கும் அறையைவிட வேப்பமரத்தடி மனிதர் உட்காரக் கூடிய இடம். அந்த இடத்தில் ஒரு கட்டடம் செய்ய வேண்டிய வேலையை மரம் செய்கிறது. பாதுகாப்புக்காகக் கட்டிய அறையில் மனிதரால் உட்கார முடியாதபோது, அவர்கள் பாதுகாப்பு இல்லாத இடத்துக்கு நகர்வார்கள். விதி அங்கே தோற்கிறது. தோற்றது தொழிலாளியின் ஒழுக்கம் மட்டுமா, கட்டடமும்தானா?

இன்னொன்றும் உண்டு. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண், வியர்வை கண்ணில் வழியும்போதும் கையை நிறுத்த மாட்டார். நிறுத்தினால் கூலி குறையும். களைத்த கை தடுமாறும். மற்றத் தொழில்களில் தடுமாற்றத்தின் விலை ஒரு பழுதான பொருள். இங்கே அது நான்கு உயிர்.

இருக்கும் சட்டமே சொல்வது

இதெல்லாம் புதிய கோரிக்கை என்று நினைக்க வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-வது பிரிவு, சுவரும் கூரையும் வெப்பத்தை இயன்றவரை குறைக்கும் பொருளாலும் வடிவத்தாலும் அமைய வேண்டும் என்று கூறியது. வெள்ளையடித்தோ, நீர் தெளித்தோ, கூரைக்கு மறைப்பு கொடுத்தோ, கூரையை உயர்த்தியோ வெப்பத்தைக் குறைக்க முடியுமானால், அதைச் செய்யும்படி உத்தரவிடும் அதிகாரத்தையும் தலைமை ஆய்வாளருக்குக் கொடுத்தது. ஏழு தலைமுறை ஏசிகளுக்கு முன்பே நம் சட்டம் வெள்ளைச் சுண்ணாம்பைப் பற்றிப் பேசிவிட்டது!

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்துள்ளன. புதிய விதிகள் எழுதப்படும் இந்த நேரத்தில் 13-வது பிரிவின் உயிர் அவற்றில் இருக்கிறதா என்று தொழிற்சங்கங்களும் மாவட்ட நிர்வாகமும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணத்தையும் அறிவித்தது. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் நிவாரணம் மரணத்துக்குப் பின் வருவது. கூரை மரணத்துக்கு முன் வருவது.

பஹ்ரைனின் கூடம் இங்கே பொருந்துமா?

அப்படியே பெயர்த்து வைத்தால் பொருந்தாது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மருந்துக் கலவை அறைக்குள் காற்று வேகமாக வீசினால் தூள் பறக்கும். குளிர்ந்த காற்றில் ஈரப்பதம் ஏறினால் வேறு ஆபத்து. நீர் தெளித்துக் குளிர்விப்பது மருந்து அறைக்கு அருகே நினைத்தும் பார்க்க முடியாதது.

ஆனால் அந்த வடிவமைப்பின் அடிப்படை நமக்கு மிகவும் தேவையானது. வேலை செய்யும் இடத்துக்குள் மின்சாரம் நுழையாமலேயே குளிர்ச்சி தருவது. மின்விசிறியும் ஏசியும் நுழைய முடியாத அறை உலகில் எங்கேனும் உண்டு என்றால் அது சிவகாசியில்தான் உண்டு. ஆகவே மூன்று படிகளாக இதை அணுகலாம்.

முதல் படி, கூரை. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, கூரைக்கு மேல் ஓர் இடைவெளி விட்டு இன்னொரு மெல்லிய நிழற்கூரை. செலவு குறைவு, அறைக்குள் சில டிகிரி குறையும். இரண்டாவது, ஓய்வுக் கூடம். ஆபத்து எல்லைக்கு வெளியே, மண்ணுக்கடியிலிருந்து காற்றை இழுக்கும் ஒரு குளிர்ந்த கூடம். பஹ்ரைனின் மாதிரி நேரடியாகப் பொருந்துவது இங்கேதான். ஓய்வறை கட்டாயம் என்ற பழைய சட்டத்தின் விதி 150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டுமே. சிறிய ஆலைகள் அந்தக் கணக்குக்குள் வராமல் தப்பிவிடும். விபத்து ஆலையின் அளவைப் பார்த்து வருவதில்லை. மூன்றாவது, மருந்து அறையின் வடிவத்தையே மறுபரிசீலனை செய்வது. இதை வெடிபொருள் துறையின் அனுமதியும் சோதனையும் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. அதற்குத்தான் ஆனைக்குட்டத்தில் பட்டாசு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு மையம் இருக்கிறது. மாவட்டத்திலேயே பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு மாதிரி அறையைக் கட்டி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அதற்குள் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து பார்ப்பது முடியாத காரியமா?

நிலையற்ற பிழைப்பு

வெப்பத்தை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். இந்த அறைகளின் மீது இன்னொரு புயலும் வீசுகிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி வழங்கியது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. டெல்லித் தலைநகர்ப் பகுதியில் முழுத் தடையைத் தளர்த்த 2025 ஏப்ரலில் மறுத்த நீதிமன்றம், அக்டோபரில் தீபாவளியையொட்டிச் சில நாட்களுக்குப் பசுமைப் பட்டாசை அனுமதித்தது. டெல்லிக் குழந்தைகள் நல்ல காற்றைச் சுவாசிப்பது அவர்களின் உரிமை. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு தீர்ப்பு வரும் நாளில் சாத்தூரில் எத்தனை அடுப்புகள் எரியும், எத்தனை அணையும் என்பதும் தீர்மானமாகிறது.

இந்த நிச்சயமின்மைதான் உள்குத்தகையை வளர்க்கிறது. அடுத்த ஆண்டு தொழில் இருக்குமா என்று தெரியாத உரிமையாளர் கட்டடத்தில் பணம் போடத் தயங்குகிறார். அறைகளைப் பிரித்து வாடகைக்கு விடுகிறார். குத்தகைக்கு எடுத்தவர் கிடைத்த சில மாதங்களில் போட்டதை எடுக்கப் பார்க்கிறார். கூரைக்கு வெள்ளையடிப்பது யார் பொறுப்பு? இருவரும் கைகாட்டுவார்கள். வெறும் கெடுபிடியும் இதற்குத் தீர்வல்ல. ஆலைகளை மட்டும் இறுக்கினால் திரி சுற்றுவது முதல் மருந்து அடைப்பது வரை வீடுகளுக்குள் நுழைந்துவிடும். அடுக்களைக்குப் பக்கத்தில் வெடிமருந்து இருப்பதைவிடக் கொடுமை வேறில்லை. விதியோடு சேர்த்து, கூரை மாற்றத்துக்குக் கடனும் மானியமும் தேவை.

மூன்று கட்டடக் கலைஞர்கள், ஒரு பாடம்

முஸ்லிம் உலகில் ஏழைகளுக்காகக் கட்டியவர்கள் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் எகிப்தின் ஹசன் ஃபதி. கலைக் கல்லூரியில் படித்த நாட்களில் அவரைப் பற்றி முதன்முதலாக வாசித்தபோது வியந்திருக்கிறேன். 1940-களில் லக்ஸர் அருகே மண் செங்கல்லால் குர்னா என்ற புதிய கிராமத்தை அவர் எழுப்பினார். முற்றம், குவிமாடம், காற்றுப்பிடிப்பான். வெயிலை வென்ற அழகான வீடுகள். ஆனால் யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்த மக்கள் பெரும்பாலோர் அங்கே குடியேற மறுத்துவிட்டார்கள். அவர்களின் பிழைப்பு பழைய ஊரில், பண்டைய கல்லறைகளை ஒட்டி இருந்தது. வீடு குளிர்ந்தது, வயிறு குளிரவில்லை.

பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக் கலைஞர் யாஸ்மீன் லாரி இந்தப் பாடத்தைக் கற்றவர். கராச்சியில் பெருநிறுவனங்களின் கட்டடங்களை எழுப்பி ஓய்வு பெற்றவர், 2005 நிலநடுக்கத்துக்குப் பிறகு மூங்கிலையும் மண்ணையும் சுண்ணாம்பையும் கையில் எடுத்தார். வெள்ளத்தில் வீடிழந்த சிந்து மாகாணப் பெண்களையே கட்டுநர்களாக்கினார். 2023-ல் பிரிட்டனின் அரச தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. காஸாவில் நடக்கும் இனப்படுகொலையைக் காரணம் காட்டி, 2025-ல் இஸ்ரேலின் உல்ஃப் பரிசை ஏற்க மறுத்தார். அதே ஆண்டு வெனிஸ் கண்காட்சியில் கத்தாரின் சார்பில் நின்றது அவருடைய மூங்கில் சமுதாயக் கூடம்தான்.

வங்கதேசத்தின் மரீனா தபஸ்ஸும் மேக்னா ஆற்றின் மணல்திட்டுகளில் வாழும் மக்களுக்காக 'குதி பாரி', அதாவது சின்ன வீடு ஒன்றை வடிவமைத்தார். மூங்கிலும் எஃகு இணைப்பும் கொண்டது. ஆறு கரையை அரித்தால் வீட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகலாம். வெள்ளம் வந்தால் மேல்தளத்தில் ஒதுங்கலாம். 2025-ஆம் ஆண்டின் ஆகா கான் கட்டடக்கலை விருதுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது. டாக்காவில் தன் பாட்டி கொடுத்த நிலத்தில் அவர் கட்டிய பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலும் முன்பே அதே விருதை வென்றது. குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. துளையிட்ட செங்கல் சுவர் வழியே காற்றும், கூரை வழியே வெளிச்சமும் வருகின்றன.

மூவரின் கதையும் சொல்வது ஒன்றுதான். கட்டடத்துக்குள் வாழப்போகிறவரைக் கேட்காமல் கட்டினால் அது கண்காட்சிப் பொருளாகவே நின்றுவிடும். பட்டாசு அறையை மாற்றும் குழுவில் வெடிபொருள் அதிகாரியும் உரிமையாளரும் இருந்தால் போதாது. அந்த அறையில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்த பெண்ணும் இருக்க வேண்டும். எந்த மணிக்கு எந்தச் சுவர் கொதிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

நாம் ஏன் இதைப் பேச வேண்டும்?

பட்டாசு வீண்விரயம் அல்லவா, அதைப் பற்றி ஓர் ஆலிம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். காசைக் கரியாக்குவதை மார்க்கம் விரும்பவில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பொருளைப் பற்றிய நம் கருத்தும், அதைச் செய்பவரின் உயிரைப் பற்றிய நம் பொறுப்பும் வேறு வேறு. வியர்வை உலர்வதற்குள் கூலி கொடுக்க வேண்டும் என்று மிம்பரில் பேசும் நாம், அந்த வியர்வை எங்கே, எந்தக் கூரையின் கீழே வழிகிறது என்றும் பார்க்க வேண்டாமா? விபத்து நடந்த வீடுகளுக்கு ஆறுதல் சொல்லச் சென்ற அனுபவம் இப்பகுதி ஆலிம்கள் பலருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. அந்த வீடுகளில் எந்த மதத்தவர் என்ற கேள்வி எழுவதில்லை. அடுத்த நாள் அடுத்த வீட்டுப் பெண் அதே வேலைக்குக் கிளம்புவதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறோம்.

நம் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் செய்துங்கநல்லூர் பள்ளிவாசல், வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்குத் தன் கதவைத் திறந்தது. வெள்ளத்துக்குத் திறந்த கதவு வெயிலுக்கும் திறக்க வேண்டும். பட்டாசு வட்டாரத்தின் பள்ளிவாசல் வளாகங்களிலும் நம் திருமண மண்டபங்களிலும், தொழுகைக்கு இடையூறில்லாமல், கோடை நண்பகலில் எவரும் வந்து ஒதுங்க நிழலும் குடிநீரும் வைப்பதற்குப் பெரிய செலவு இல்லை. நாம் புதுப்பித்துக் கட்டும் பள்ளிவாசல்களையும் ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம். ஜன்னலை அடைத்து ஏசி மாட்டி, அதன் அனலைத் தெருவில் நிற்பவர் முகத்தில் விடுகிறோம். வெனிஸின் இருட்டறை நம் தெருவிலும் இருக்கிறது.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. ஆய்வுக்குச் செல்லும் குழுக்கள் மருந்தின் எடையோடு அறையின் வெப்பத்தையும் பதிவு செய்யட்டும். உரிமம் புதுப்பிக்கும்போது கூரையின் நிலையும் நிபந்தனையாகட்டும். அடுத்த கோடைக்கு முன் ஒரு மாதிரி ஓய்வுக் கூடமாவது இந்த மண்ணில் எழும்பட்டும்.

வெனிஸில் கண்காட்சி நவம்பரோடு முடிந்துவிட்டது. சிவகாசியில் அடுத்த தீபாவளிக்கான வேலை தொடங்கிவிட்டது. பங்குனி பிறந்தால் வெயில் ஏறும். அந்த அறைகளுக்குள் பெண்கள் மீண்டும் உட்காருவார்கள். அதற்குள் அவர்களின் தலைக்கு மேலிருக்கும் கூரைக்கு ஒரு கோட் சுண்ணாம்பாவது அடித்திருப்போமா?